ஜவ்வரிசி லாரியில் போகிறது, பொட்டாஷ் ஓடையில் போகிறது

ஒவ்வொரு சாகுபடிப் பருவத்திலும் யூரியாத் தட்டுப்பாடு ஒருமுறையாவது செய்தியாகிவிடும். கூட்டுறவுச் சங்க வாசலில் வரிசை, கையில் ஆதார் அட்டையோடு விவசாயிகள், 'போதிய கையிருப்பு உள்ளது' என்று ஓர் அறிக்கை. சில நாளில் ரயிலில் சரக்கு வந்து இறங்கும், பேச்சு அடங்கிவிடும். ஆனால் ஆத்தூர், தலைவாசல், கெங்கவல்லி பக்கம் ஜவ்வரிசிக்கான குச்சிக்கிழங்கு (மரவள்ளி) போட்டிருப்பவர்களிடம் பேசிப் பாருங்கள், அவர்கள் கவலைப்படுவது வேறொரு மூட்டைக்கு. அது பொட்டாஷ். யூரியாவாவது மணலியிலும் தூத்துக்குடியிலும் தயாராகிறது. பொட்டாஷ் அப்படியில்லை. பயிருக்குப் போடும் மியூரியேட் ஆஃப் பொட்டாஷில் ஏறக்குறைய முழுவதும் கப்பலில் வருவதுதான். உரத் தன்னிறைவு என்று மேடையில் பேசும்போது இந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது. கிழங்கை நம்பியிருக்கும் சேலம் மாவட்டத்துக்கு அந்த வேறுபாடுதான் முக்கியம்.

யூரியா கதையை முதலில் முடித்துவிடலாம். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன், அதற்குப் பஞ்சமே இல்லை. அதைப் பயிர் எடுத்துக்கொள்ளும்படி மாற்ற ஹைட்ரஜன் வேண்டும், அதை இயற்கை எரிவாயுவிலிருந்து பிரித்தெடுக்கிறார்கள். கடும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் இரண்டையும் சேர்த்தால் அம்மோனியா. எரிவாயுவைப் பிரித்தபோது மிஞ்சிய கார்பன் டை ஆக்சைடை அந்த அம்மோனியாவோடு சேர்த்தால் யூரியா. எரிவாயுவே மூலப்பொருள், எரிவாயுவே எரிபொருள். ஆக, யூரியா உள்நாட்டுச் சரக்கா வெளிநாட்டுச் சரக்கா என்று கேட்டால் ஆலை இருக்கும் ஊரை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது.

நாட்டின் யூரியாத் தேவை ஆண்டுக்கு 350 லட்சம் டன்னைத் தாண்டுகிறது. 2023-24ல் உள்நாட்டு ஆலைகள் சுமார் 314 லட்சம் டன் தயாரித்தன. ராமகுண்டம், கோரக்பூர், சிந்திரி, பரௌனி என்று மூடிக்கிடந்த இடங்களில் தலா 12.7 லட்சம் டன் திறனோடு புது ஆலைகள் வந்தது இதற்குப் பெரிய காரணம். காகிதத்தில் பார்த்தால் பத்தில் ஒன்பது பங்குக்கு நெருங்கிவிட்டோம். ஆனால் அந்த ஆலைகளுக்குள் போகும் எரிவாயுவில் பெரும்பகுதி, குளிரவைத்துத் திரவமாக்கிக் கப்பலில் வருவது. இந்தியாவுக்கு வரும் திரவ எரிவாயுவில் கத்தாரின் பங்குதான் பெரியது, அது ஹோர்முஸ் நீரிணை வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். யூரியா இறக்குமதி குறைந்த இடத்தில் எரிவாயு இறக்குமதி ஏறியிருக்கிறது. இதை வீண் என்று சொல்லமாட்டேன். ஆலை நம்மிடம் இருந்தால் எரிவாயுவை வேறு நாட்டிலிருந்தாவது வாங்கிப்போட்டு ஓட்டலாம், மூட்டையையே நம்பியிருந்தால் அதுவும் முடியாது. ஆனாலும் அதைத் தன்னிறைவு என்று சொல்வது கொஞ்சம் அதிகம்.

தமிழ்நாட்டு ஆலைகளும் இதே பாதையில்தான் வந்தன. மணலியில் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் 1971லிருந்து ஓடுகிறது. நீண்ட காலம் நாப்தாவில் (கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுப்பது) ஓடிய ஆலை, எண்ணூரில் எரிவாயு முனையம் வந்த 2019லேயே எரிவாயுவுக்கு மாறியது. தூத்துக்குடி ஸ்பிக்கும் நாப்தாவில் செலவு தாங்காமல் திணறிய ஆலைதான். ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிக்கு 143 கிலோமீட்டர் குழாய் 2021ல் திறக்கப்பட்ட பிறகு அதற்கு உள்ளூர் எரிவாயுவும் எட்டியது. இந்த இரண்டுக்கும் முன்னால் நெய்வேலியில் ஒரு யூரியா ஆலை இருந்ததை இப்போது எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்களோ. 1960களில், நம் பழுப்பு நிலக்கரியையே வாயுவாக்கி அங்கே யூரியா எடுத்தார்கள். கடலைத் தாண்டாத மூலப்பொருள். அந்த ஆலை கட்டுப்படியாகாமல் மூடப்பட்டது.

மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, வேகமாகக் கடந்துவிடலாம், அதன் சிக்கல் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மணிச்சத்து உரமான டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) ஆலைகள் நம்மிடம் உண்டு. பாறை பாஸ்பேட்டும் பாஸ்பாரிக் அமிலமும் ஜோர்டான், மொராக்கோ, எகிப்து, செனகல் போன்ற நாடுகளிலிருந்து வருகின்றன. முழு டிஏபியாகவும் பெருமளவு வாங்குகிறோம். சீனா 2021ல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தத் தொடங்கியதும் சந்தை ஆட்டம் கண்டது. 2025ல் சவூதி அரேபியாவோடு ஐந்தாண்டுகளுக்கு, ஆண்டுக்கு 31 லட்சம் டன் டிஏபி வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். உள்நாட்டில் ராஜஸ்தானின் ஜாமர்கோட்ராதான் பெரிய பாஸ்பேட் சுரங்கம். நமக்குப் பக்கத்திலேயே, திருச்சி மாவட்டத்து ஊட்டத்தூர்ப் பகுதியில், பாஸ்பேட் உருண்டைகள் மண்ணுக்குள் சிதறிக்கிடப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெரியும். தோண்டிப் பொறுக்கி எடுத்துக் கட்டுப்படியாகும் அளவுக்கு அது பெரிய தொழிலாகவில்லை. ராணிப்பேட்டையில் 1906லேயே பாரி கம்பெனி சூப்பர் பாஸ்பேட் ஆலை போட்டது, நாட்டிலேயே முதல் உர ஆலை அது. ஆக, ஆலை போடும் திறமை இந்தப் பக்கம் நூற்றாண்டுக்கு முன்பே இருந்தது. குறைந்தது பாறைதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் போட்ட மணிச்சத்தில் கணிசமான பகுதி சுண்ணாம்போடு பிணைந்து மண்ணிலேயே தங்கிவிடுகிறது. பல ஆண்டுகளாக டிஏபி போட்டுவந்த காட்டில், மண் பரிசோதனை செய்து பார்த்தால் இந்தப் போகத்துக்குப் பாதி போதும் என்று வரக்கூடும். பாஸ்போபாக்டீரியா என்ற உயிர் உரம் வேலைசெய்வது இந்தப் பிணைந்த சத்தை அவிழ்த்துவிடுவதில்தான்.

சரி, பொட்டாஷுக்கு வருவோம்.

இலையில் உருவாகும் சர்க்கரையைக் கிழங்குக்கு நகர்த்தி மாவாகச் சேர்க்கும் வேலைக்குப் பயிருக்குப் பொட்டாஷ் வேண்டும். நெல்லுக்கும் சோளத்துக்கும் அது தேவை என்றாலும், கிழங்குக்கு அதுதான் உயிர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இறவை மரவள்ளிக்குச் சொல்லும் அளவைப் பார்த்தாலே தெரியும்: எக்டேருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 90 கிலோ, மணிச்சத்து 90 கிலோ, சாம்பல்சத்து (பொட்டாஷ் தரும் சத்து) 240 கிலோ. பாதி அடியுரம், மீதி தொண்ணூறாம் நாள் மண் அணைக்கும்போது. (மணிச்சத்து மட்டும் முழுவதும் அடியிலேயே போய்விடும்.) மூட்டைக்கு 30 கிலோ சாம்பல்சத்து என்று இந்த 240 கிலோவை மூட்டையாக்கிப் பார்த்தால் எக்டேருக்கு எட்டு மூட்டை பொட்டாஷ், ஏக்கருக்கு மூன்று மூட்டைக்கு மேல்.

கிழங்கு எடையை மட்டும் வைத்து விற்பதாக இருந்தால்கூட ஒருவேளை பொட்டாஷைக் குறைத்துச் சமாளிக்கலாம். சேலத்தில் அப்படி விற்பதில்லை. ஆலையில் மாதிரி எடுத்து மாவுச்சத்தை அளக்கிறார்கள், பாயிண்டுக்கு இவ்வளவு என்று விலை போடுகிறார்கள். இரண்டு பேருடைய டிராக்டர் ஒரே எடையைக் காட்டும், பாயிண்ட் மாறினால் கையில் வரும் பணம் மாறும். பொட்டாஷ் போதாத கிழங்கு பார்வைக்குப் பெருத்திருந்தாலும் பாயிண்டில் காட்டிக்கொடுத்துவிடும். தொண்ணூறாம் நாள் மூட்டை கிடைக்காததன் பலனை விவசாயி ஆறேழு மாதம் கழித்து ஆலை வாசலில்தான் பார்க்கிறார்.

ஆத்தூர்ப் பக்கம் ஒரு சங்கத்தில் காதில் விழுந்த பேச்சு:

"பொட்டாஷ் வந்திருக்குங்களா?"

"இன்னும் வரலீங்க மாமா. காம்ப்ளக்ஸ் இருக்குது. யூரியா நாளைக்கு லோடு இறங்குது, வந்து எடுத்துக்குங்க."

"யூரியா ஊட்லயே ரெண்டு மூட்டை கெடக்குது. கெழங்குக்கு மண்ணணைக்கணும், அத வச்சு என்ன பண்றது?"

"வெளிக்கடையில கேட்டுப்பாருங்க. வெலதான் ஒண்ணுக்கு ஒண்ணு மாறும்."

வீட்டில் ஏன் யூரியா கிடக்கிறது? விலைதான் காரணம். 45 கிலோ யூரியா மூட்டை வரியும் வேப்பம்பூச்சும் சேர்த்து 266 ரூபாய் 50 காசு. உலகச் சந்தையில் என்ன விலை ஏறினாலும் இதே விலை, பெரும்பகுதியை அரசு ஏற்கிறது. 2022-23ல் உர மானியம் இரண்டரை லட்சம் கோடி ரூபாயைத் தொட்டது இதனால்தான். பொட்டாஷுக்கும் மானியம் உண்டு, ஆனால் வேறு மாதிரி. 2010லிருந்து சத்துக்கு இவ்வளவு என்று அரசு நிர்ணயிக்கும், விலை சந்தையோடு ஏறி இறங்கும். 2022-23ல் சாம்பல்சத்துக்குக் கிலோவுக்கு 25 ரூபாய் 31 காசு கொடுத்தார்கள். 2023 அக்டோபரிலிருந்து அது 2 ரூபாய் 38 காசு. ஒரு மூட்டை பொட்டாஷில் 30 கிலோ சாம்பல்சத்து, ஆக மானியம் 71 ரூபாய் சொச்சம். ஒரு பக்கம் கிட்டத்தட்ட இலவசம், இன்னொரு பக்கம் ஏறக்குறைய முழு விலை. கையில் இருக்கும் பணத்துக்கு விவசாயி எதை எடுப்பார்? நாடு முழுவதும் தழை, மணி, சாம்பல்சத்துப் பயன்பாடு 2009-10ல் 4.3, 2, 1 என்ற விகிதத்தில் இருந்தது. 2023-24ல் சாம்பல்சத்து ஒன்றுக்குத் தழைச்சத்து 10.9 ஆகிவிட்டது. யூரியாவுக்கு வரிசை நிற்பதற்கும் கிழங்கின் பாயிண்ட் இறங்குவதற்கும் இந்த விலைக் கணக்கு ஒன்றே காரணம் என்பது என் கணிப்பு.

விலையையும் நாம் தீர்மானிப்பதில்லை. உலகின் பொட்டாஷில் பெரும்பங்கு கனடா, ரஷ்யா, பெலாரஸ் மூன்றிடம்தான். பெலாரஸுக்குக் கடலே கிடையாது. அதன் சரக்கு லிதுவேனியா வழியாகக் கப்பலேறிக்கொண்டிருந்தது, தடைகளால் 2022 பிப்ரவரியில் அந்த வழி அடைபட்டது. அதே மாதத்தில் உக்ரைன் போரும் தொடங்கியது. இந்தியா அந்த ஆண்டு டன்னுக்கு 590 டாலருக்கு ஒப்பந்தம் போட வேண்டிவந்தது. இங்கே மூட்டை 1,700 ரூபாய் வரை போனது. 2024ல் ஒப்பந்த விலை 280 டாலர் அளவுக்கு இறங்கி, 2025ல் மறுபடி 349 ஆனது. பெலாரஸில் ஒரு ரயில் பாதை மூடினால் பெத்தநாயக்கன்பாளையத்தில் மண் அணைப்பு தள்ளிப்போகிறது.

வந்து சேரும் வழியும் நீளம். தூத்துக்குடி, காரைக்கால் போன்ற துறைமுகங்களில் மொத்தமாக இறங்கி, மூட்டை கட்டி, ரயிலேறி, சேலம் மார்க்கெட் நிலையத்து கூட்ஸ் ஷெட்டில் இறங்க வேண்டும். ஒரு முழு சரக்கு ரயில் என்றால் சுமார் 2,600 டன், ஐம்பதாயிரம் மூட்டைக்கு மேல். அதைச் சேலத்துக்கு மட்டும் என்று அனுப்பமாட்டார்கள், நாமக்கல், தருமபுரி என்று பிரியும். எந்த மாதம் எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்பது மத்திய அரசின் ஒதுக்கீட்டில் முடிவாகிறது, மாநிலத்துக்குள் மாவட்டவாரியாகப் பிரியும். டெல்டாவில் சம்பா நடவு சூடுபிடிக்கும்போது மற்ற மாவட்டங்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டியிருப்பது இயல்புதான். சங்கத்தில் விரல் ரேகை வைத்த பிறகுதான் மூட்டை கைக்கு வரும். 2018லிருந்து நாடு முழுக்க இந்த முறை. வயசாளிகளின் விரலில் ரேகையே தேய்ந்துபோயிருக்கும். இயந்திரம் நாலு முறை கேட்டுவிட்டு மகனைக் கூட்டிவரச் சொல்லும்.

உள்நாட்டு ஆலை இருந்தாலும் சங்கிலி அறுபடலாம் என்பதை 2023 டிசம்பர் காட்டியது. மாத நடுவில் தென்மாவட்ட வெள்ளத்தில் ஸ்பிக் ஆலை நின்றது. 26ஆம் தேதி இரவு எண்ணூரில் கோரமண்டல் ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டு, அக்கம்பக்கத்து மக்கள் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்கு ஓடினார்கள். அந்த ஆலையும் மாதக்கணக்கில் நின்றது. மாநிலத்தின் பெரிய உர ஆலைகள் கடலோரமாக இருப்பதற்குக் காரணம் உண்டு, மூலப்பொருள் கப்பலில் வருகிறதே. அதற்கான விலையைக் கடலோரத்து ஊர்கள் தருகின்றன.

இவ்வளவு தூரம் கடந்து, இவ்வளவு காசு கொடுத்து வாங்கிப்போட்ட பொட்டாஷ் கடைசியில் எங்கே போகிறது? கிழங்கோடு ஆலைக்குப் போகிறது. அங்கே நடப்பதை ஒருமுறை கவனமாகப் பார்த்தால் நல்லது.

டிராக்டரில் வந்த கிழங்கைக் கழுவித் தோலுரிக்கிறார்கள். அரவையில் கூழாகிறது. தண்ணீர் விட்டுச் சல்லடையில் பால் பிரிகிறது, மேலே நாராக நிற்பது திப்பி. பாலைத் தொட்டியில் விட்டால் மாவு அடியில் படியும், மேல்தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள். அந்த ஈர மாவைக் குலுக்கி உருட்டி, சூடேற்றி, களத்தில் காயவைத்தால் ஜவ்வரிசி. திப்பியையும் தனியாகக் களத்தில் பரப்பி, காலால் புரட்டிப் புரட்டிக் காயவைத்து மாட்டுத்தீவனத்துக்கு விற்கிறார்கள். ஆத்தூர் சாலையில் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாக வரும் அந்தப் புளிச்ச வாடை மேல்தண்ணீருடையது.

மாவுச்சத்து என்பது கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டும்தான். அதில் பொட்டாஷுக்கு இடமே இல்லை. நைட்ரஜனும் பாஸ்பரஸும்கூட பேருக்குத்தான். ஆக, மகாராஷ்டிரத்துக்கும் குஜராத்துக்கும் விரத நாள் கிச்சடிக்காக லாரி லாரியாகப் போகும் ஜவ்வரிசியில் நம் உரம் அநேகமாக எதுவும் போகவில்லை. போவது காற்றும் தண்ணீரும் வெயிலும்தான், காசு அதற்குத்தான் வருகிறது. கனடாவிலிருந்து வந்த பொட்டாஷ் தோலிலும் திப்பியிலும் கொஞ்சம், தண்ணீரில் எளிதாகக் கரைவது என்பதால் மேல்தண்ணீரில் பெரும்பகுதி என்று சேலம் மாவட்டத்துக்குள்ளேயே தங்குகிறது. தங்கிய இடம்தான் தப்பு. காட்டுக்குத் திரும்ப வேண்டியது ஓடைக்குப் போகிறது.

அப்படியானால் அந்தத் தண்ணீரை நேராகப் பாய்ச்சலாமே என்று தோன்றும். கூடாது. அதில் அமிலம், அழுகும் பொருள், கிழங்கிலிருந்து வரும் சயனைடு எல்லாம் கலந்திருக்கிறது. அப்படியே விட்டு நிலத்தடி நீர் கெட்டது பற்றிய புகார்கள் இந்தப் பகுதியில் பழைய கதை. முதலில் அதை மூடிய கலத்தில் நொதிக்கவிட்டுச் சாண எரிவாயு மாதிரி வாயு எடுக்க வேண்டும். ஆலைகள் சிலவற்றில் இது ஏற்கெனவே நடக்கிறது, விறகுச் செலவும் மின்சாரச் செலவும் குறைவதால் ஆலைக்காரர்களே விரும்பிச் செய்கிறார்கள். வாயுவாக வெளியேறுவது கார்பன்தான். பொட்டாஷ் வாயுவாகாது. நொதித்து முடிந்த தண்ணீரிலும் அடிச்சேற்றிலும் அது அப்படியே நிற்கும். அந்த நிலையில் சோதித்து, அளவறிந்து, பக்கத்துக் காடுகளுக்குக் கொடுக்க முடியும். தோலைத் தொழு உரத்தோடு மக்கவைப்பது இன்னும் சுலபம்.

இங்கே ஒரு பழைய கதை ஞாபகம் வருகிறது. சேலத்தில் ஜவ்வரிசித் தொழிலே இறக்குமதி நின்றதால் பிறந்தது. இரண்டாம் உலகப்போரில் மலாயா, சிங்கப்பூர்ப் பக்கமிருந்து கப்பல் வராமல் போனதும், 1940களில் இங்கே கிழங்கை வைத்து ஜவ்வரிசி செய்து பார்த்தார்கள். போர் முடிந்த பிறகும் தொழில் நிலைத்துவிட்டது, 1981ல் சேகோசர்வ் கூட்டுறவு வந்தது, 2023ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இறக்குமதி ஜவ்வரிசிக்கு மாற்று கண்டுபிடித்த ஊர், அதற்கான உரத்துக்குக் கப்பலை எதிர்பார்த்து நிற்கிறது.

கிழங்குக்கு நடந்ததே சேர்வராயன் மலையில் காப்பிக்கும் நடக்கிறது. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியைக் கொண்டுவந்தார் என்பது ஊரறிந்தது. சில்வர் ஓக் நிழலில் விளையும் அந்தக் காப்பிப் பழத்தில், எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தோலும் சதையும்தான். பொட்டாஷ் நிறைந்த பொருள் அது. எஸ்டேட்டில் பழத்தை இயந்திரத்தில் விட்டுத் தோலுரிக்கிறவர்கள், தோலைக் குவித்து மக்கவைத்துச் செடிக்கே போட்டுவிடலாம். சிறு தோட்டக்காரர்கள், குறிப்பாக மலைக் கிராமங்களில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்கள், பழமாகவோ உலர்பழமாகவோ விற்றுவிட்டால் தோலும் சேர்ந்து போய்விடும். அப்புறம் அதே சத்தை மூட்டையில் வாங்க வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிவந்த மூட்டைக்கு லாரி வாடகை, தார்ச்சாலை முடியும் இடத்திலிருந்து கிராமத்துக்குச் சுமைகூலி என்று அடிவாரத்து விலைக்கு மேல் ஏறிக்கொண்டே போகும். மலையில் மழை அதிகம், சரிவு அதிகம், போட்டது கரைந்து இறங்குவதும் அதிகம். அங்கே மண்ணும் புளிப்பு, சுண்ணாம்பு போட்டுச் சரிக்கட்டினால்தான் போட்ட உரம் பிடிக்கும்.

ஏற்காட்டு அடிவாரத்திலேயே சுண்ணாம்புக் கரடு இருக்கிறது. பேர்தான் சுண்ணாம்பு, தோண்டியெடுப்பது மேக்னசைட். உலைகளுக்குச் செங்கல் செய்யத்தான் அது பெரும்பாலும் போகிறது. மேக்னசைட்டோடு கந்தக அமிலம் சேர்ந்தால் மக்னீசியம் சல்பேட். இலையின் பச்சைக்கு நடுவே இருக்கும் உலோகம் மக்னீசியம்தான். பொட்டாஷை அள்ளிப் போட்டால் செடி மக்னீசியத்தை எடுப்பது குறையும் என்பதால், கிழங்குக்காரர்களுக்கு இது சம்பந்தமில்லாத விஷயமும் இல்லை. மூன்று பெரிய சத்திலும் கையேந்தும் மாவட்டம், நாலாவதாக வரும் ஒன்றில் மட்டும் மலைமலையாக வைத்திருக்கிறது.

தெற்கே நாமக்கல்லில் கோழிப்பண்ணைகள். 1997 வரை அதுவும் சேலம் மாவட்டம்தான். வெளி மாநிலங்களிலிருந்து மக்காச்சோளமும் சோயாவும் தீவனமாக வருகின்றன, முட்டை வெளியே போகிறது, எரு இங்கே தங்குகிறது. நன்றாக மக்கிய கோழி எருவில் சுமார் 3 சதவீதம் தழைச்சத்தும், இரண்டரை சதவீதத்துக்கு மேல் மணிச்சத்தும், ஒன்றரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகச் சாம்பல்சத்தும் உண்டு. ஒரு டன் எருவில் ஒன்றரை மூட்டை யூரியாவின் தழைச்சத்து, அரை மூட்டை பொட்டாஷின் சாம்பல்சத்து. மணிச்சத்துக்கு இது உண்மையிலேயே நல்ல மாற்று. பொட்டாஷுக்கு மட்டும் போதாது. ஏக்கருக்கு மூன்று மூட்டை பொட்டாஷை இதிலேயே எடுக்க நினைத்தால் ஏழு டன் அடிக்க வேண்டும், அதற்குள் தழைச்சத்து அளவுக்கு மீறிப்போய்க் கிழங்கு இலையாகவே வளரும்.

சர்க்கரை ஆலைப் பாகிலிருந்து வரும் பொட்டாஷ் இன்னொன்று. கரும்பும் பொட்டாஷை நிறைய இழுக்கும் பயிர். பாகைச் சாராயமாக்கிய பிறகு மிஞ்சும் கழிவைக் கொதிகலனில் எரித்தால் கிடைக்கும் சாம்பலில் 14.5 சதவீதம் பொட்டாஷ் இருக்கும்படி தயாரித்து விற்கிறார்கள். 2021லிருந்து இதற்கும் மானியம் உண்டு. முழுக்க உள்நாட்டுச் சரக்கு என்றாலும் ஒரு மூட்டை வெளிநாட்டுப் பொட்டாஷுக்கு நாலு மூட்டை இது வேண்டும். ராஜஸ்தானில் மண்ணுக்கடியில் பொட்டாஷ் படிவு இருக்கிறது, சுரங்க ஏலமும் நடந்திருக்கிறது. அது மூட்டையாகிச் சேலம் வர இன்னும் காலம் பிடிக்கும்.

இடையில் இரண்டு குறுக்குவழிகள் சொல்லப்படுகின்றன. ஒன்று நானோ யூரியா. 2021ல் வந்தபோது அரை லிட்டர் பாட்டில் ஒரு மூட்டைக்குச் சமம் என்றார்கள். அதில் இருந்தது 4 சதவீதம் நைட்ரஜன், அதாவது 20 கிராம். மூட்டையில் இருப்பது 20 கிலோ. பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் வயல் ஆய்வில் நெல்லிலும் கோதுமையிலும் விளைச்சல் குறைந்தது. பொட்டாஷ் பிரச்சினைக்கு இது பக்கத்திலேயே வராது. இன்னொன்று, ரசாயன உரத்தை அடியோடு விட்டுவிடலாம் என்பது. இலங்கை 2021 மே மாதம் அப்படி ஒரேயடியாகத் தடை போட்டு, நெல்லும் தேயிலையும் அடிவாங்கி, நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்றது. தக்கைப்பூண்டும் சணப்பையும் விதைத்து மடக்கி உழுதால் காற்றிலிருந்து தழைச்சத்து வரும், அது நல்ல வழி, மாநில அரசும் விதை கொடுத்து ஊக்குவிக்கிறது. ஆனால் பொட்டாஷ் காற்றில் இல்லை. மண்ணிலிருந்து எடுத்தது மண்ணுக்குத் திரும்பியாக வேண்டும், அல்லது வெளியிலிருந்து வாங்கியாக வேண்டும். இயற்கை விவசாயத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

அதனால்தான் ஜவ்வரிசி ஆலைக் கழிவை வெறும் மாசுப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பது நஷ்டம் என்று நினைக்கிறேன். இப்போது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதைத் தண்ணீரின் தரமாகப் பார்க்கிறது, வேளாண்துறை அதைப் பார்ப்பதே இல்லை. இரண்டு துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்தால், ஏத்தாப்பூரில் இருக்கும் மரவள்ளி ஆராய்ச்சி நிலையமோ சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையமோ ஆலைவாரியாக நொதித்த தண்ணீரிலும் சேற்றிலும் எத்தனை பொட்டாஷ், எத்தனை உப்பு என்று சோதித்துச் சொல்ல முடியும். எந்த மண்ணுக்கு எவ்வளவு, எந்த மாதம் என்பதை அதன் பிறகு எழுதிக்கொடுக்கலாம். வெளிநாட்டுப் பொட்டாஷை இது முழுதாக நிறுத்தாது. எட்டு மூட்டை போடுகிறவர் ஐந்தோ ஆறோ போட்டால் போதும் என்றாவது வரும். கப்பல் தாமதமான வருஷம் தொண்ணூறாம் நாளைத் தள்ளிப்போடாமல் சமாளிக்கவும் உதவும்.

பணத்துக்கும் வழி இல்லாமல் இல்லை. சாண எரிவாயு, உயிரி எரிவாயு நிலையங்களில் நொதித்து வரும் எருவுக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் சந்தை உதவி தருவதாக மத்திய அரசு 2023ல் அறிவித்தது. அந்த எருவில் ஒரு சதவீதம் பொட்டாஷ் இருந்தால்கூட மூன்று டன்னில் ஒரு மூட்டைப் பொட்டாஷ். இறக்குமதி மூட்டைக்கு இப்போது கிடைக்கும் மானியம் 71 ரூபாய், இதற்கு 4,500. உதவித்தொகையின் நிபந்தனைகளுக்குள் ஜவ்வரிசி ஆலைகளின் நொதிகலன்களையும் கொண்டுவருவதும், உரக் கட்டுப்பாட்டு ஆணையின் தர அளவுக்கு அந்த எருவைக் கொண்டுவருவதும்தான் செய்ய வேண்டிய வேலை. வண்டிக்கும் தனியாக அலைய வேண்டியதில்லை, கிழங்கு இறக்கிவிட்டு ஆலையிலிருந்து திரும்பும் டிராக்டர்கள் பெரும்பாலும் காலியாகத்தான் போகின்றன.